குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேதி சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் குடும்பங்களில் பெரும்பாலான சேதி இப்போது வாட்ஸ்அப்பில்தான் போகிறது. அதனால் பதில்கள் அதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. மெனு பெயர்களைப் போனில் ஆங்கிலத்தில் தெரிவது போலவே கொடுத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடம் கொஞ்சம் மாறலாம். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: அனுப்புகிறவர் ஒரு நிமிடம் கூடுதலாக மெனக்கெட்டால், படிக்கிற நாற்பது பேர் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு முக்கியமான சேதி. குழுவில் போட்டால் போதாதா? தனித்தனியாகப் போன் செய்ய வேண்டுமா?

நல்லதோ கெட்டதோ, முதல் சுற்று போனில்தான். கூடப் பிறந்தவர்கள், தாய்மாமன், சம்பந்தி வீடு, குடும்பத்தில் மூத்தவர் ஆகியோர் குழுவைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த மனத்தாங்கல் வருடக்கணக்கில் நிற்கும். ஒரே ஆள் எல்லோரையும் கூப்பிட முடியாது. அப்பா வழிக்கு ஒருவர், அம்மா வழிக்கு ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் "சொல்லியாச்சு" என்ற பிறகு குழு. ஸ்டேட்டஸ் அதற்கும் பிறகுதான். ஸ்டேட்டஸில் மாலை போட்ட படத்தைப் பார்த்து, சொந்தத் தம்பிக்கே சேதி தெரியவரும் கொடுமை இப்போது அடிக்கடி நடக்கிறது.

துக்கச் சேதி என்றால் இன்னொன்று. தனியாக இருக்கும் வயதானவர், இதய நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் ஆகியோருக்கு நேரே சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆளுக்குப் போன் செய்து, அவர் அருகில் போய் உட்கார்ந்து சொல்லட்டும்.

துக்கச் செய்தியில் என்னென்ன எழுத வேண்டும்?

"பெரியப்பா தவறிட்டார்" என்று மட்டும் போட்டால், எந்தப் பெரியப்பா, எப்போது, எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று இருபது பேர் கேட்பார்கள். துக்க வீட்டில் இருப்பவர் இருபது முறை பதில் சொல்ல வேண்டிவரும். முதல் செய்தியிலேயே இவ்வளவும் இருக்கட்டும்:

"செல்லூர் பெரியப்பா (அப்பாவின் மூத்த அண்ணன், வயது 78) இன்று 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை 6.20 மணிக்கு வீட்டில் காலமானார். உடல் செல்லூர் வீட்டில் இருக்கிறது. நாளை 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு எடுக்கிறோம். தத்தனேரி மயானம். வழி கேட்க, வண்டி ஏற்பாட்டுக்குத் தம்பியைக் கூப்பிடவும். பெரியம்மாவுக்கு இன்று போன் வேண்டாம்."

கடைசி இரண்டு வரிகள்தான் துக்க வீட்டுக்கு உண்மையான உதவி. தொடர்புக்கு இழவு வீட்டுக்காரர் எண்ணைப் போடாமல், ஓடியாடக்கூடிய ஒரு தம்பி அல்லது மருமகன் எண்ணைப் போடுங்கள். "இன்று", "நாளை" என்று எழுதினால் தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும்; செய்தியை நாளைக்குப் பார்ப்பவருக்கு "நாளை" என்பது நாளை மறுநாள் ஆகிவிடும். எடுக்கும் நேரம் மாறினால் பழைய செய்தியைத் திருத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். திருத்தினால் யாருக்கும் மணி அடிக்காது. "நேரம் மாற்றம்" என்று தொடங்கி, புதிய செய்தியாகவே போடுங்கள்.

உடலின் படத்தைக் குழுவில் போடலாமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வர முடியாமல் வெளிநாட்டில் தவிக்கும் மகனோ மகளோ கேட்டால் அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது வீடியோ காலில் காட்டுங்கள். பதினாறாம் நாள் காரியமோ, இலங்கைக் குடும்பங்களில் அந்தியேட்டியோ, நாள் முடிவானதும் தனிச் செய்தியாக வரட்டும். முதல் செய்தியில் எல்லாவற்றையும் திணித்தால் எடுக்கும் நேரம் கண்ணில் படாமல் போகும்.

வெளிநாட்டில் இருப்பவர்களை எந்த நேரத்தில் கூப்பிடலாம்?

இந்திய நேரத்தோடு ஒப்பிட்டால் சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னே. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னே. டொராண்டோ ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்னே. நமக்குக் காலை 7 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு எட்டரை, ஒன்பதரை. பேச நல்ல நேரம் அது. நமக்குப் பிற்பகல் 2 மணி என்றால் அங்கே விடிகாலைத் தூக்கம். அவசரமில்லாத நல்ல சேதியைக் காலையில் சொல்லுங்கள். துக்கத்துக்கு நேரம் பார்க்க வேண்டாம். டிக்கெட் எடுக்க அவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் தேவை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் செய்தியும் குரல் பதிவும் போகும்; வாட்ஸ்அப் காலுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. ரிங் போகவில்லை என்று பதற வேண்டாம். சாதாரண ஐஎஸ்டி காலிலோ, அவர்கள் அங்கே வைத்திருக்கும் ஆப்பிலோ கூப்பிடுங்கள்.

குழந்தை பிறந்திருக்கிறது. சேதியை யார் போட வேண்டும்?

பெற்றவர்கள்தான், அல்லது அவர்கள் சொல்லும் ஆள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன அத்தை படமெடுத்துக் குழுவில் முதலில் போட்டுவிடுவதுதான் வழக்கமான சண்டை. தாயும் சேயும் நலமா, ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, எப்போது பார்க்க வரலாம் என்பது குழுவுக்குப் போதும். பிறந்த நேரம், நிமிடம், ஊர் எல்லாம் ஜாதகம் எழுதுபவருக்கு மட்டும் தனியாகப் போகட்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளையோ, குழந்தையின் கையில் கட்டிய பெயர்ப் பட்டையையோ படமெடுத்துப் போடாதீர்கள்.

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மரியாதைக் குறைவா?

நேரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியவர்களுக்கு வாட்ஸ்அப் மட்டும் போதாது. நேரில் அழைத்துவிட்டு, ஞாபகத்துக்கு அதையும் அனுப்புங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போன், அந்தப் போனை வைத்ததும் பத்திரிகை. பேச்சே இல்லாமல் படம் மட்டும் வந்தால்தான் மரியாதைக் குறைவாகத் தெரிகிறது.

பத்திரிகைப் படத்துடன் தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், ஊர் ஆகியவற்றை எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாட்ஸ்அப்பின் தேடல் கண்டுபிடிக்காது. இரண்டு வாரம் கழித்து "முகூர்த்தம்" என்று தேடுகிறவருக்கு உங்கள் எழுத்துதான் கிடைக்கும். மண்டபத்தின் லொகேஷனை அனுப்பும்போது, அதன் பெயரைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு "கரண்ட் லொகேஷன்" என்பதை அழுத்தினால் உறவினர்கள் கல்யாண நாளில் உங்கள் பூட்டிய வீட்டுக்கு வந்து நிற்பார்கள். லட்சுமி மகால் என்ற பெயரில் ஊருக்கு ஊர் மண்டபம் இருக்கும். வரைபடத்தில் ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள். குழுவில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து "பின்" செய்தால் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுத்து மேலேயே நிறுத்தி வைக்கலாம்.

நூறு பேருக்குத் தனித்தனியாகப் போக வேண்டும் என்றால் "பிராட்காஸ்ட் லிஸ்ட்" உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். புதிதாக எண் மாற்றியவர்கள் இதை நம்பிவிட்டு, பாதிப் பேருக்கு அழைப்பே போகாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. பத்திரிகை என்ற பெயரில் வரும் கோப்பின் பெயர் "ஏபிகே" (.apk) என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, போனில் நிறுவப்படும் ஆப். திறந்தால் உங்களுக்கு வரும் ஓடிபி எஸ்எம்எஸ்களைப் படித்து வங்கிக் கணக்கைக் காலி செய்யும் வகை அது. 2024இல் ஹிமாச்சலப் பிரதேசக் காவல்துறை இதைப் பற்றி மக்களை எச்சரித்தது. தெரிந்த உறவினர் எண்ணிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.

ஒரே குழுவில் எல்லாம் போட்டால் முக்கியமான சேதி மேலே போய்விடுகிறது. என்ன செய்வது?

இரண்டு குழு வையுங்கள். ஒன்று சேதிக்கு: பிறப்பு, இறப்பு, விசேஷம், ஆஸ்பத்திரி. அதன் செட்டிங்ஸில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அட்மின் போடுங்கள். இன்னொன்று அரட்டைக்கு: குட்மார்னிங், சமையல், யூடியூப், கிரிக்கெட். அரட்டைக் குழுவை மியூட் செய்பவர் மேல் யாரும் வருத்தப்படக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குலதெய்வக் கோயிலுக்கு எந்த ஞாயிறு போகலாம் என்பது மாதிரிக் கேள்விகளுக்கு "போல்" (வாக்கெடுப்பு) போட்டால் இருநூறு செய்தி மிச்சம். ஒரு கேள்விக்கு 12 பதில் வரை வைக்கலாம்.

கல்யாணப் படங்கள் குழுவில் மங்கலாக வருகின்றன. ஏன்?

டேட்டா மிச்சமாகட்டும் என்று வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அனுப்பும் முன் மேலே தெரியும் "எச்டி" பொத்தானை அழுத்தினால் பரவாயில்லை. பிரேம் போடுவதற்கு வேண்டிய அசல் தரம் வேண்டுமானால், கேலரியிலிருந்து அனுப்பாமல் "டாக்குமெண்ட்" வழியாக அனுப்புங்கள். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். ஒன்று கவனியுங்கள்: டாக்குமெண்டாகப் போகும் படத்தில் அது எடுக்கப்பட்ட இடத்தின் விவரமும் கூடவே போகும்.

ஐம்பது படத்துக்கு மேல் என்றால் குழுவே வேண்டாம். கூகுள் போட்டோஸில் ஒரு ஷேர்டு ஆல்பம் திறந்து இணைப்பை மட்டும் குழுவில் போடுங்கள். மற்றவர்கள் எடுத்த படங்களும் அதிலேயே வந்து சேரும். இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் படம் தெரியும் என்பதால், எல்லோரும் பார்த்து முடித்ததும் இணைப்புப் பகிர்வை நிறுத்திவிடுங்கள். ஏற்றும் படம், ஏற்றுபவரின் இலவச 15 ஜிபியில் கணக்காகும்.

எதையெல்லாம் குடும்பக் குழுவிலும் போடக் கூடாது?

விமான போர்டிங் பாஸ், மதிப்பெண் பட்டியல், ஆதார், புது வீட்டுப் பத்திரம், ரத்தப் பரிசோதனை அறிக்கை. போர்டிங் பாஸின் பார்கோடிலேயே முன்பதிவு எண் இருக்கிறது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் தேர்வு முடிவை யாரும் எடுத்துப் பார்க்கலாம். பிள்ளை தானே சொல்லும் முன் மதிப்பெண் ஊர் சுற்றிவிடும். "பத்து நாள் எல்லோரும் ஊட்டி போறோம்" என்ற சேதி திரும்பி வந்த பிறகு படங்களோடு வரட்டும். குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் போன் யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

தவறான குழுவில் போட்டுவிட்டேன். எடுக்க முடியுமா?

எழுத்துப் பிழை என்றால் 15 நிமிடத்துக்குள் செய்தியை அழுத்திப் பிடித்து "எடிட்" செய்யலாம். முழுவதும் நீக்க "டிலீட் ஃபார் எவ்ரிஒன்". இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அவகாசம் உண்டு. பதற்றத்தில் "டிலீட் ஃபார் மீ" அழுத்திவிட்டால் உங்கள் போனில் மட்டும் மறையும், மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும். உடனே கீழே சில விநாடிகள் தெரியும் "அன்டூ" அழுத்துங்கள். அதுவும் போய்விட்டால், குழு அட்மினிடம் சொல்லுங்கள். அவரால் யார் செய்தியையும் எல்லோருக்கும் நீக்க முடியும்.

ஒரு ஃபார்வர்டு உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மேலே உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பிய சித்தப்பாவுக்கும் மூலம் தெரியாது. பிறகு மூன்று கேள்வி: தேதி இருக்கிறதா? சொன்னவர் யார் என்று பெயரோடு இருக்கிறதா? அந்த அமைப்பின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

திருநள்ளாறு ஃபார்வர்டை எடுத்துக்கொள்வோம். சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுபோகின்றன, நாசாவே வியந்தது என்று பல வருடமாகச் சுற்றுகிறது. எந்தச் செயற்கைக்கோள், எந்த வருடம், எந்த விஞ்ஞானி என்று எதுவும் அதில் இல்லை. நாசா அப்படி எதுவும் சொன்னதில்லை. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தால்தான் அது விழாமல் சுற்றுகிறது. நிற்பது என்பதே அதற்குக் கிடையாது. கோயிலின் மேல் உள்ள பக்திக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

படம் என்றால் கூகுள் லென்ஸில் கொடுத்து, அதே படம் முன்பு எங்கே வந்தது என்று பாருங்கள். தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா என்று ஒவ்வொரு வருடமும் வரும் வண்ணப் படம், 1992 முதல் 2003 வரை இரவு விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்ட அமெரிக்காவின் நோவா (கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) விஞ்ஞானி ஒருவர் பல வருடத் தரவுகளைச் சேர்த்து உருவாக்கியது. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இது வெறும் பொழுதுபோக்குப் பொய் என்று விட முடியாது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்குப் போன குடும்பத்தை ஊரார் அடித்தார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண் இறந்துபோனார். அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஃபார்வர்டுக்கு ஐந்து சாட் (ஆள் அல்லது குழு) என்ற வரம்பு அறிவிக்கப்பட்டது. பயமுறுத்தும் சேதியை "எதற்கும் போட்டு வைப்போம்" என்று போடாதீர்கள். அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும்.

பெரியப்பா தப்பான ஃபார்வர்டு போடுகிறார். எப்படிச் சொல்வது?

குழுவில் எல்லோர் முன்னும் "இது ஃபேக்" என்று போட்டால் அவர் திருந்த மாட்டார், குழுவை விட்டுப் போவார். தனியாகச் செய்தி அனுப்புங்கள், போனில் சொன்னால் இன்னும் நல்லது: "பெரியப்பா, நீங்க போட்டதைப் பார்த்தேன். எனக்கும் சந்தேகமா இருந்துச்சு, தேடிப் பார்த்தேன். இது பழைய படமாம். நீங்களே குழுவில ஒரு வரி போட்டுட்டா எல்லாரும் நம்புவாங்க." திருத்தத்தை அவர் வாயிலாகவே வரவிடுவதில்தான் வெற்றி. உயிருக்கு ஆபத்தான மருத்துவக் குறிப்பு என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே குழுவிலேயே, அவர் பெயர் சொல்லாமல், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அப்படி ஒன்று, மாரடைப்பு வந்தால் தனியாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம் என்பது. அதை நம்பி இருமிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் வீணாகும். நெஞ்சுவலிக்கு 108ஐ அழைப்பதுதான் வழி. "ரத்தம் தேவை" செய்தியில் ஆஸ்பத்திரி, தேதி, ரத்தப் பிரிவு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணுக்கு நீங்களே பேசிவிட்டு அனுப்புங்கள். தேவை தீர்ந்ததும் "கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று போட வேண்டியதும் உங்கள் பொறுப்பு.

நல்ல விஷயம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. யாரும் திறந்தே பார்ப்பதில்லையே?

வெறும் இணைப்பை யாரும் திறக்க மாட்டார்கள். யாருக்கு, ஏன் என்று ஒரு வரி வேண்டும்: "அத்தை, நீங்க கேட்ட காரைக்குடி உக்காரை செய்முறை. 4 நிமிஷம் 20 செகண்டுல இருந்து பாருங்க, பருப்பு வேகுற பக்குவம் காட்டுறாங்க." நாற்பது நிமிட வீடியோவை அப்படியே அனுப்பினால் அது கிடப்பில்தான் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஒருவருக்கு மட்டும் பிடிக்கும் என்றால் அவருக்குத் தனியாக.

சுற்றி வந்த ஃபார்வர்டைவிட நீங்களே தேடி எடுத்தது எப்போதும் சுவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பழைய தலபுராணமோ, ஊர் வரலாறோ வந்தால் அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்துத் தாத்தாவுக்கு அனுப்புங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் குடும்பம் என்றால் "நூலகம்" என்ற இணையதளத்தில் பள்ளிக்கூட மலர்கள் கிடைக்கும். அதில் ஒருவேளை அம்மம்மா படித்த வகுப்பின் படமே இருக்கலாம். மதுரைக்காரர்களுக்கு 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் எடுத்த மீனாட்சி அம்மன் கோயில் படங்கள். இப்படி ஒன்று போட்டால் பெரியவர்கள் தாமாகப் பேசத் தொடங்குவார்கள்.

கண் தெரியாத, தட்டச்சு வராத பெரியவர்களை எப்படிச் சேர்ப்பது?

குரல் பதிவுதான். மைக்கை அழுத்தி மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும். விரலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே யார் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். படிக்கிறவர்களுக்கு செட்டிங்ஸ், சாட்ஸ், ஃபான்ட் சைஸ் என்று போய் "லார்ஜ்" வையுங்கள். ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்டு) தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்தினால் பேசுவதைத் தமிழில் எழுதும். ஆட்களின் பெயர்களில் பிழை வரும், அனுப்பும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

உறவினர் எண்ணிலிருந்து "அவசரம், பணம் அனுப்பு" என்று வருகிறது. நம்பலாமா?

சாதாரண காலில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, வாட்ஸ்அப் கணக்கையே பிடுங்கிக்கொண்டு இப்படிக் கேட்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 (சைபர் மோசடிப் புகார் எண்). எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. குடும்பத்தில் எல்லோர் போனிலும் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்கப் பின் வைத்துக் கொடுங்கள்.

போன் நிரம்பிவிட்டது. பாட்டியின் குரல் பதிவுகள் போகாமல் எப்படிக் காலி செய்வது?

செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். அங்கே "பலமுறை ஃபார்வர்டு ஆனவை", "5 எம்பிக்கு மேற்பட்டவை" என்று தனித்தனியாக வரும். குட்மார்னிங் வீடியோக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும், தைரியமாக நீக்கலாம். குழுவின் விவரப் பக்கத்தில் "மீடியா விசிபிலிட்டி" என்பதை "நோ" என்று வைத்தால் இனி வருபவை கேலரியில் சேராது.

குரல் பதிவுகள் கேலரியில் தெரியாது. அதனால் போன் மாற்றும்போது யாரும் நினைப்பதில்லை. அதை அழுத்திப் பிடித்து, ஷேர் வழியாக கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். சேமிக்கும்போது கோப்புக்கு வரும் எண் பெயரை மாற்றி, "பாட்டி, தாலாட்டு, 2024 தை" என்று எழுதுங்கள்; அந்த ஃபோல்டரைக் குடும்பத்தில் இன்னும் இருவரோடு பகிர்ந்து, அவர்களும் தங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து வைக்கட்டும்.